பழைய ஜிப்ஸி வாங்கலாமா?

கேள்வி: மலைத்தோட்டத்துக்குப் போய்வர, 15 ஆண்டுகளைத் தாண்டிய மாருதி ஜிப்ஸி கிங் ஒன்று மலிவாக வருகிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினைப் பழுதுபார்த்துவிடலாம், சேஸிஸ்தான் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) முக்கியம். வண்டிக்கு அடியில் படுத்து, லீஃப் ஸ்பிரிங் (அச்சைத் தாங்கும் பட்டை வில்) மாட்டியிருக்கும் இடங்களை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். புதிதாக அடித்த கறுப்புப் பெயின்டுக்கு உள்ளே துரு அரித்திருந்தால், எவ்வளவு மலிவானாலும் விட்டுவிடுங்கள். அடுத்து, நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டி, முன்சக்கரங்களும் இழுக்கின்றனவா என்று சோதியுங்கள். இதை மண் பாதையில்தான் செய்ய வேண்டும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி என்பதால், காய்ந்த தார்ச்சாலையில் அப்படியே வளைத்தால் பல்சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். (விற்பவர் தார்ச்சாலையிலேயே ஓட்டிக்காட்டினால், வண்டியை எப்படி வைத்திருந்தார் என்பது புரிந்துவிடும்!) முன்சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் கசிந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் தேய்ந்திருக்கும், அவ்வளவுதான். ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.