ரோசெட் நெபுலா சாம்பல் கறையாகத் தெரிவது ஏன்?

80 மி.மீ. தொலைநோக்கி, உள் வடிகட்டியை மாற்றாத டிஎஸ்எல்ஆர் கேமரா, 30 விநாடி வீதம் 40 படங்கள், ஓரியன் நெபுலா (விண்வெளியில் ஒளிரும் வாயு மேகம்) நன்றாக வந்தது, ரோசெட் மட்டும் சாம்பல் கறை என்கிறீர்கள். தொலைநோக்கியைச் சந்தேகப்படாதீர்கள், அது பாவம். ரோசெட்டின் ஒளியில் முக்கியமானது ஹைட்ரஜன் ஆல்ஃபா, அதாவது 656.3 நானோமீட்டர் சிவப்பு. படங்களில் நிறம் இயல்பாக வரவேண்டும் என்பதற்காக சாதாரண கேமராவின் சென்சாருக்கு முன்னால் வைத்திருக்கும் வடிகட்டி, அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். ஓரியன் தப்பியதற்குக் காரணம் அதன் பிரகாசம்தான், தவிர 500.7 நானோமீட்டரில் ஆக்சிஜன் ஒளியும் அதில் வலுவாக உண்டு, அதை உங்கள் கேமரா தாராளமாக வாங்கிக்கொள்ளும்.

எதையும் வாங்குவதற்கு முன் மொத்த நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். 20 நிமிடம் ரோசெட்டுக்குப் போதவே போதாது. இரைச்சலுக்கு மேல் சிக்னல் எழும்புவது நேரத்தின் வர்க்கமூலக் கணக்கில்தான், ஆகவே மூன்று மடங்கு தெளிவு வேண்டுமென்றால் ஒன்பது மடங்கு நேரம், அதாவது 3 மணி நேரம் எடுக்க வேண்டும். ஒரே இரவில் முடியாவிட்டால் பல இரவுப் படங்களைச் சேர்த்து அடுக்கலாம். ரா கோப்பாகவே (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுங்கள், ஃப்ளாட் படங்களையும் (சீரான வெளிச்சத்தில் எடுக்கும் திருத்தப் படங்கள்) விடாதீர்கள், இல்லாவிட்டால் மங்கலான பகுதியைப் பிரகாசமாக்கிக் காட்டும்போது ஓர இருட்டும் தூசி வட்டங்களும்தான் முதலில் வந்து நிற்கும்.

அப்புறம், டூயல்பேண்ட் ஃபில்டர் (ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடும் வடிகட்டி) வாங்கலாமா என்று கேட்டீர்கள். நானாக இருந்தால் முதலில் கேமராவின் உள் வடிகட்டியை மாற்றுவேன். டூயல்பேண்ட் நகர வெளிச்சத்தைக் குறைக்குமே தவிர, உள்ளே தடுக்கப்படும் சிவப்பைத் திரும்பக் கொண்டுவராது. ஆனால் மாற்றிய கேமராவில் பகல் படங்கள் சிவந்து வரும், வெள்ளைச் சமநிலையை நீங்களே அமைக்க வேண்டியிருக்கும்.