ஷில்லாங்கின் ராக் மேடை – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வடகிழக்கு பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ஷில்லாங்கை ‘ராக் ஊர்’ என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நேராகச் சிரபுஞ்சி அருவிக்குப் போய்விட்டீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. 2024 டிசம்பரில் கனடா நாட்டு ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸ் இந்தியா வந்தபோது சென்னைப் பக்கம் தலைகாட்டவில்லை, ஷில்லாங்கில் பாடிவிட்டுப் போனார். அவ்வளவு சின்ன ஊரில் இது எப்படி நடக்கிறது? என் நண்பனிடம் கேட்டால், “சர்ச் கொடுத்தது, வெள்ளைக்காரன் விட்டுப்போனது, அவ்வளவுதான். சொந்தப் பாட்டைத் தொலைத்துவிட்டு இரவல் பாட்டு பாடுகிறார்கள்” என்கிறான். அவன் சொல்வது சரியா? நேரில் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் எப்போது போகலாம்?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. ஆனால் அந்தப் பாதி மட்டும் போதுமென்றால் ஊட்டியும் கொடைக்கானலும் இந்நேரம் ராக் ஊர்களாக ஆகியிருக்க வேண்டும். மிஷன் பள்ளிக்கூடம், கிளப், ஏரி, குளிர், கோட்டு போட்ட துரைமார்கள் என்று எல்லாமே அங்கேயும் இருந்தன. ஐம்பது வருடம் ஓயாமல் ஓடுகிற ராக் மேடை மட்டும் அமையவில்லை.

ஊரின் அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 2011 கணக்கெடுப்பின்படி ஷில்லாங் நகராட்சிக்குள் இருந்தவர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு, சுற்றியுள்ள பேட்டைகளையெல்லாம் சேர்த்தால் மூன்றரை லட்சம். இன்றைக்கும் ரயில் கிடையாது. ரயில் வந்தால் வெளியாட்கள் வந்து குவிந்துவிடுவார்கள் என்று அந்த மலையின் பழங்குடிகளான காசி (Khasi; நம் வாரணாசி இல்லை) மக்களின் மாணவர் அமைப்புகள் பல காலமாக எதிர்த்துவருகின்றன. அதனால் பெரிய கச்சேரி என்றால் ஸ்பீக்கர், லைட், மேடைச் சட்டம் எல்லாம் குவாஹாட்டியிலிருந்து நூறு கிலோமீட்டர் லாரியில் மலையேற வேண்டும். அப்படிப்பட்ட ஊர் இது.

சர்ச் விஷயத்துக்கு வருவோம். 1841இல் தாமஸ் ஜோன்ஸ் என்ற வேல்ஸ் நாட்டு மிஷனரி சிரபுஞ்சிக்கு வந்து சேர்ந்தார். வேல்ஸ்காரர்கள் நாலு குரலில் பிரித்துப் பாடுவதில் பேர்போனவர்கள். அந்தப் பழக்கம் காசி மலைக்கும் வந்தது. காசி மொழி ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் ஐந்து கோட்டு ஸ்வரக்குறிப்பு இருக்காது, டோ, ரே, மி ஆகியவற்றின் முதலெழுத்துகள்தான் வரிசையாக அச்சாகியிருக்கும். தாளத்துக்கு நடுநடுவே முக்காற்புள்ளி, ஸ்வரம் நீள வேண்டிய இடத்தில் சின்னக் கோடு. பெண் குரல் இரண்டு, ஆண் குரல் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வரி. நம் திருநெல்வேலிச் சபைகளில் பாடகர் குழுவில் நின்றவர்கள் இதைப் பார்த்தால் சிரித்துக்கொள்வார்கள், அங்கேயும் இதே முறை உண்டு. பியானோ வாங்க வழியில்லாத வீட்டுப் பையன்கூட இதைப் பார்த்துத் தன் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு பாடிவிடுவான், பக்கத்தில் நிற்பவன் வேறு ஸ்வரத்தில் பாடினாலும் அசைய மாட்டான். சர்ச் கொடுத்தது இந்தக் காதைத்தான். கிட்டாரை அது கொடுக்கவில்லை, மேடையையும் கொடுக்கவில்லை.

மேடை எங்கிருந்து வந்தது என்றால், காசு இருந்த இடத்திலிருந்து. 1972 வரை ஷில்லாங்தான் அஸ்ஸாமின் தலைநகர். அதிகாரிகள், தேயிலைத் தோட்டத்து மேனேஜர்கள், ராணுவம், 1960களிலிருந்து விமானப்படையின் கிழக்குத் தலைமையகம் என்று சாயங்காலம் செலவழிக்கப் பணம் வைத்திருந்தவர்கள் அந்த ஊரில் நிறைய இருந்தார்கள். கிளப்பிலும் ஹோட்டலிலும் நடனம் நடக்கும், அதற்கு பாண்டு வேண்டும். ஆனால் அந்த வருமானத்தில் குடும்பம் நடத்த முடியாது. அதனால் கொஞ்சம் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர்கள் கல்கத்தாவுக்கு, பாண்டு வாசிக்கிற பார்க் ஸ்ட்ரீட் ரெஸ்டாரன்ட்களுக்குக் கிளம்பிப் போனார்கள். ஷில்லாங் பாடகர் லூ மஜாவும் அப்படிப் போனவர்தான். 1947இல் பிறந்தவர், 1960களில் கல்கத்தாவில் பாடிக்கொண்டிருந்தபோதுதான் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பாட்டை முதலில் கேட்டார்.

இங்கே கொஞ்சம் விலகிப் போகிறேன். மவுண்ட் ரோட்டில் சஃபையர் தியேட்டர் வளாகத்தில் நைன் ஜெம்ஸ் என்று ஒரு கிளப் இருந்தது. 1969இல் பட்டுப்புடவையும் பூவுமாக அங்கே பாட ஆரம்பித்த தமிழ்ப் பெண்ணும் கொஞ்ச நாளில் அதே பார்க் ஸ்ட்ரீட்டுக்குத்தான் போனார். உஷா உதுப். சென்னைக்காரரும் ஷில்லாங்காரரும் ஒரே தெருவில் பிழைத்த காலம் அது. சிம்லா என்ற சிகரெட்டின் பெயரில் பம்பாயில் பாண்டுகளுக்குப் போட்டி வைத்தார்கள், அதில் வாசித்தவர்களின் பாட்டுகள் 1970, 1971 வருடங்களில் இசைத்தட்டுகளாக வந்தன. அவற்றில் ஷில்லாங்கின் ஃபென்டோன்ஸும் இருக்கிறார்கள், மதராஸின் கன்ஃப்யூஷன்ஸும் இருக்கிறார்கள். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே கோட்டில்தான் நின்றன. பிறகு மதராஸில் மேடையேறிய பையன்களுக்கு கோடம்பாக்கம் என்று ஒரு வழி இருந்தது. ஸ்டூடியோவில் கிட்டார் வாசித்தால் அன்றைக்கே கையில் காசு. ஷில்லாங் பையன்களுக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. கச்சேரியை விட்டால் வேறு எதுவும் இல்லை. இரண்டு ஊர்களும் பிரிந்தது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம்.

1972 ஜனவரி 21இல் மேகாலயா தனி மாநிலமானது, ஷில்லாங் அதன் தலைநகர். அதே வருடம் மே 24இல் லூ மஜாவ் டிலனின் பிறந்தநாளுக்கு ஒரு கச்சேரி நடத்தினார். அதற்கப்புறம் வருடம் தவறாமல் நடந்துகொண்டே இருக்கிறது. டிலன் அந்த ஊருக்கு வந்ததில்லை. ஆள் வராமலேயே ஐம்பது தடவைக்கு மேல் பிறந்தநாள் கொண்டாடியாகிவிட்டது. வெள்ளை முடி தோளுக்குக் கீழே தொங்க, ஜீன்ஸைத் தொடைக்கு மேலே வெட்டிவிட்ட அரை டவுசர், ஒரு காலில் ஒரு நிறம் மறு காலில் இன்னொரு நிறம் என்று சாக்ஸ். எழுபது வயதைத் தாண்டியும் அந்தக் கோலத்தில் மேடையில் துள்ளுவார். பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிவந்து டிலன் பாட்டைப் பாட வைப்பார். பெரிய கம்பெனியின் பேனர் இல்லாமல் வாழ்கிற விழா அது, வாடகைக்குப் பிடித்த ஹாலாக இருந்தாலும் சரி, பள்ளி அரங்கமாக இருந்தாலும் சரி. வெளியூர்ப் பத்திரிகைகள் வருடத்துக்கு ஒரு தடவை இவரைப் படம் பிடித்து ‘விசித்திர மனிதர்’ என்று போடுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு தேதியை ஊருக்கே பழக்கிவிட்டவர் அவர். வருடத்தில் ஒரு நாள் கண்டிப்பாக மேடை உண்டு என்று தெரிந்தால்தான் பதினாறு வயதுப் பையன் ஒரு பாட்டையாவது ஒழுங்காகப் பழகுவான்.

பார்க் ஸ்ட்ரீட் 1970களில் அரசியல் கலவரத்திலும் கேளிக்கை வரியிலும் சோர்ந்துபோக, போனவர்கள் பலர் திரும்பி வந்தார்கள். லூ மஜாவ், கிட்டாரிஸ்டுகள் அர்ஜுன் சென், ரூடி வாலாங், டிரம்ஸில் சாம் ஷுல்லாய் எல்லோரும் சேர்ந்த கிரேட் சொசைட்டிதான் ஷில்லாங்கின் பெயரை வெளியே கொண்டுபோன பாண்டு. ரூடியின் அப்பா டோட்டோ வாலாங்கும் மேடைக் கலைஞர்தான். அப்பா வாசித்ததைப் பார்த்து மகன் வாசித்த இரண்டாம் தலைமுறை அப்போதே வந்துவிட்டது.

இந்தக் கதையை எழுதுகிறவர்கள் பலர் இங்கே ஒரு பக்கத்தைக் கிழித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார்கள். 1979, 1987, 1992 ஆகிய வருடங்களில் அந்த ஊரில் வெளியாட்களுக்கு எதிராக வன்முறை வெடித்தது. வங்காளிகள், நேபாளிகள், பீகாரிகள் என்று தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த குடும்பங்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பின. ஊரடங்கு, பந்த், பிறகு தீவிரவாதக் குழுக்கள். கடைகள் சீக்கிரம் மூடி, இருட்டினால் தெரு காலியாகிற பழக்கம் அப்போது ஊறியதுதான், இன்னும் முழுசாகப் போகவில்லை. ‘இசை எல்லோரையும் இணைக்கிறது’ என்று சுற்றுலாத் துறைக்காரர்கள் சொல்லும்போது எனக்கு இதுதான் ஞாபகம் வரும். ஹாலில் உட்கார்ந்து டிலனுக்குக் கைதட்டியவர்களில் சிலர் அடுத்த வருடம் அந்த ஊரிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

சாயங்காலம் வெளியே போக முடியாதென்றால் வீட்டில் என்ன செய்வது? கேசட் கேட்கலாம். 1990களில் கேபிள் வந்து எம்டிவியும் வந்தது. நீள முடி, இறுக்கமான பேன்ட், காதல் தோல்விக்கு ஒரு மெதுவான பாட்டு, அதில் உச்சத்தில் ஒரு கிட்டார் சோலோ என்று வந்த பாண்டுகளை அமெரிக்காக்காரர்கள் 1992 வாக்கில் மூட்டை கட்டிவிட்டார்கள். வடகிழக்கில் அந்த கேசட்டுகள் கை மாறிக்கொண்டே இருந்தன. மெட்டு தெளிவு, கோரஸில் நாலு குரல் சேரும். சர்ச்சில் பழகிய காதுக்கு அது பழைய பழக்கம் மாதிரி.

இந்த இடத்தில்தான் உங்கள் பிரையன் ஆடம்ஸ் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. சொந்த நாட்டில் சின்ன கிளப்புகளுக்கு இறங்கிவிட்ட ஃபயர்ஹவுஸ் என்ற அமெரிக்க பாண்டு 2004இல் திமாப்பூர், ஷில்லாங், ஐஸ்வால் என்று வந்தபோது பாட்டு முழுக்கக் கூட்டமே பாடியது. 2007 டிசம்பரில் ஜெர்மனியின் ஸ்கார்ப்பியன்ஸ் பாண்டுக்காரர்கள் ஷில்லாங் போலோ மைதானத்துக்கு வந்தார்கள். அதே வருடம் அக்டோபரில் 1,730 பேர் கிட்டாரோடு ஒன்றாக உட்கார்ந்து ஒரு டிலன் பாட்டை வாசித்து கின்னஸில் ஏறினார்கள். சாதனைப் பைத்தியத்தை விடுங்கள், இந்த அளவு ஊரில் அத்தனை பேர் வீட்டில் கிட்டார் இருந்திருக்கிறது பாருங்கள், நான் அதைத்தான் கவனித்தேன். 2009இல் மிஸ்டர் பிக் என்ற அமெரிக்க பாண்டுக்காரர்கள் வந்தார்கள். நிகழ்ச்சி நடத்துகிறவனுக்கு ஊர் பெரிதா சின்னதா என்பது கணக்கில்லை, டிக்கெட் வாங்குகிறவனுக்கு எல்லாப் பாட்டும் தெரியுமா என்பதுதான் கணக்கு.

மீதிப் பாதி பதில் அரசாங்கம். இதில் எனக்கு இரண்டு மனசு. 2015இல் என்ஹெச்7 வீக்எண்டர் என்ற இசை விழா ஷில்லாங்குக்கு வெளியே போய்ரிம்போங்கில் நடந்ததிலிருந்து ‘கச்சேரிச் சுற்றுலா’ என்ற எண்ணம் மாநிலத்துக்குப் பிடித்துக்கொண்டது. நவம்பர் செர்ரி மலர் விழாவுக்கு 2023இல் நீ-யோ, 2024இல் ஏகான் என்று அமெரிக்கப் பாடகர்கள் வந்தார்கள். முதலமைச்சர் கான்ராட் சங்மாவே எலெக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவர், அதனால் கோப்பு சீக்கிரம் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளூர்க் கலைஞர்களைப் பொது இடங்களில் பாட வைத்துச் சம்பளம் கொடுக்கும் திட்டம் ஒன்றும் நடத்துகிறார்கள். பெரிய விழாவை விட அதுதான் உருப்படியானது என்பேன். ஒரு விழாவுக்கு வரும் வெளிநாட்டுப் பாடகரின் கூலியில் எத்தனை வருடம் எத்தனை பேரைப் பாட வைக்கலாம் என்று யாராவது உட்கார்ந்து கணக்குப் போட்டால் நன்றாக இருக்கும்.

அப்புறம், இரவல் பாட்டு என்ற குற்றச்சாட்டு. திண்டுக்கல்காரர் இதைச் சொல்லலாமா? நம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு பாடினால் நாம் கொடுக்கிற அதிகபட்சப் பாராட்டு என்ன? “ரெக்கார்டுல கேக்குற மாதிரியே இருந்துச்சு.” அவர்களை யாரும் நகல் என்று திட்டியதில்லை. ஷில்லாங்கில் நகல் கச்சேரி நிறைய உண்டு, சில நாள் எனக்கே அலுத்திருக்கிறது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2003இல் ரூடி வாலாங்கும் டிப்ரிட்டி கர்பங்காரும் ஆரம்பித்த சோல்மேட் என்ற பாண்டு, கறுப்பின அமெரிக்கர்களின் சோகப் பாட்டு வகையான ப்ளூஸை சொந்தமாக எழுதியது, முதல் ஆல்பத்துக்கு ஊர்ப் பெயரையே வைத்தது, 2007இல் மெம்ஃபிஸில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டிக்குப் போனது. சம்மர்சால்ட் என்ற குழு துயிதாரா என்ற காசி நரம்பு வாத்தியத்தை வைத்துக்கொண்டு காசி மொழியில் பாடுகிறது. 2016இல் வந்த ‘ராக் ஆன் 2’ இந்திப் படத்தில் அவர்களோடு சேர்ந்து பாடியது யார் தெரியுமா? நம் உஷா உதுப். உங்கள் நண்பருக்கு முதலில் டிப்ரிட்டியின் குரலைப் போட்டுக் காட்டுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது? கூட்டமும் வெளிச்சமும் வேண்டுமென்றால் நவம்பர், அறைக்கு ரொம்ப முன்னாலேயே சொல்லிவையுங்கள். நான் என்றால் மே 24க்குத்தான் போவேன். மழை கொட்டும், குடை போதாது, ரெயின்கோட் எடுத்துக்கொள்ளுங்கள். இடம் வருடத்துக்கு வருடம் மாறலாம், ஷில்லாங்கின் லைதும்க்ரா பேட்டையில் ஏதாவது காபிக் கடையில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். குவாஹாட்டியிலிருந்து ஷேர் சுமோ கிடைக்கும். ராத்திரி டாக்சி கிடைப்பதுதான் கஷ்டம், கச்சேரிக்குக் கொண்டுவிடுகிற டிரைவரின் நம்பரை இறங்கும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்