பத்துக் கேள்விப் படிவமும் பெல்ட் சத்தமும்

வணக்கம் சார்,

கலிபோர்னியாவில் இருக்கிறேன். வயது 43. போன மாதம் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் ஒரு படிவம் கொடுத்தார். 18 வயதுக்கு முன் வீட்டில் அடித்தார்களா, அவமானப்படுத்தினார்களா, குடி உண்டா என்று பத்துக் கேள்விகள். எனக்கு நாலு கேள்விக்கு 'ஆம்' என்று வந்தது. டாக்டர் முகம் மாறி, ஒரு மனநல ஆலோசகரின் பெயரை எழுதிக் கொடுத்தார். மனைவியிடம் சொன்னேன். "நாலுக்கே இப்படின்னா நம்ம தெருவே ஆஸ்பத்திரியில இருக்கணுமே" என்று சிரித்தாள். இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குப் போட்ட கேள்விகள் இல்லையா? நம் ஊரில் அடிக்காத அப்பா யார்? ஒன்று மட்டும் உண்மை. யாராவது பெல்ட் பக்கிளைக் கழற்றும் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது. அப்பா இப்போது எங்களோடுதான் இருக்கிறார். என் பையனை மடியில் வைத்துக் கதை சொல்கிறார். அவரை ஒரு படிவத்தில் குற்றவாளியாக்க மனம் வரவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் மனைவி சிரித்ததில் நியாயம் இருக்கிறது. அந்தப் படிவத்தின் கதையே அதற்கு இடம் கொடுக்கிறது. 1980களில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற மருத்துவர் உடல் எடை குறைக்கும் கிளினிக் நடத்திவந்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோனார்கள். ஏன் என்று துருவிக் கேட்டபோது பலருடைய சிறுவயதுக் கொடுமைகள் வெளியே வந்தன. அவரும் ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவ ஆய்வாளரும் சேர்ந்து 1995 முதல் 1997 வரை 17,000 பேருக்கு மேல் அவர்களின் சிறுவயதைப் பற்றிக் கேட்டார்கள். 1998-ல் முதல் முடிவுகள் வந்தன. நாலும் அதற்கு மேலும் வந்தவர்களுக்கு, ஒன்றுமே வராதவர்களைவிட, மனச்சோர்வு, குடி, போதை, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு. டாக்டர் முகம் மாறியது இதனால்தான்.

ஆனால் பதில் சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் வெள்ளையர்கள். இந்த எண்ணை வைத்துத் தனி ஒருவரின் தலையெழுத்தைக் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே 2020-ல் எழுதினார். சில டாக்டர்கள் அதைப் படிக்கவில்லை போலிருக்கிறது.

இன்னொன்று. அந்தப் படிவத்தின் அடியைப் பற்றிய கேள்வி, வீட்டில் இருக்கும் பெரியவர்கள் அடித்ததை மட்டுமே கேட்கும். ஆறாம் வகுப்பில் எனக்குக் கணக்கு எடுத்தவர் விரலை மடக்கச் சொல்லி, ஸ்கேலின் ஓரத்தால் முட்டியிலேயே போடுவார். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று என் மாமாவே அவருக்கு அனுமதி கொடுத்திருந்தார். படிவத்தில் அதற்கு சைபர். மத்திய அரசு 13 மாநிலங்களில் எடுத்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பள்ளிக்குப் போகும் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பேர் அங்கே அடி வாங்கியதாகச் சொன்னார்கள். பிலடெல்பியாவில் 2012-13-ல் கேட்டபோது இனவெறியையும் தெருவில் பார்த்த வன்முறையையும் கேள்விகளில் சேர்த்தார்கள். நம் ஊருக்கு ஒரு படிவம் போட்டால் சாதியை விட்டுவிட முடியுமா?

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். எல்லா வீட்டிலும் அடி உண்டு என்றால் அடி வலிக்காதா?

'முருங்கையை ஒடித்து வளர், பிள்ளையை அடித்து வளர்' என்பதை நம் சொத்து என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்கக் கறுப்பினப் பெற்றோர் பலரும், போலீஸ்காரன் அடிப்பதற்கு முன் நான் அடித்துத் திருத்துகிறேன் என்பார்கள். 1996-ல் வந்த ஓர் ஆய்வு உங்கள் பக்கம் பேசியது. அடி வாங்கிய வெள்ளைப் பிள்ளைகளிடம் முரட்டுத்தனம் கூடியிருந்தது, கறுப்பினப் பிள்ளைகளிடம் அப்படி இல்லை. இதை வைத்து நிறைய வாதம் நடந்தது. 2005-ல் சீனா, இந்தியா, இத்தாலி, கென்யா, பிலிப்பைன்ஸ், தாய்லாந்து ஆகிய ஆறு நாடுகளில் பார்த்தார்கள். அடி சகஜமாக இருக்கும் இடத்தில் பாதிப்பு குறைவாகத்தான் இருந்தது. ஆனாலும் இருந்தது. 2012-ல் 11,044 அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்தார்கள். ஐந்து வயதில் வாங்கிய அடி எட்டு வயதில் முரட்டுத்தனத்தைக் கூட்டியது. வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், ஆசியர் என்று நாலு கூட்டத்திலும் ஒரே மாதிரி.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொரு ஆய்வு. அமெரிக்காவில் 1967 முதல் 1971 வரை கொடுமை நடந்ததாக நீதிமன்றப் பதிவில் ஏறிய பிள்ளைகளையும், அப்படிப் பதிவு இல்லாத வேறு பிள்ளைகளையும், அவர்கள் பெரியவர்களான பிறகு தேடிப்போய்ப் பேசினார்கள். பதிவு இருந்தும் எனக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை என்றவர்களுக்கு மனநோய் அவ்வளவாக இல்லை. பதிவே இல்லாமல், நடந்தது என்று சொன்னவர்களுக்கு இருந்தது. ஆக, ஒருவர் தனக்கு நடந்ததை எப்படி நினைவில் வைத்திருக்கிறார் என்பதற்குப் பெரிய எடை உண்டு. உங்கள் தெருவில் அதே பெல்ட்டில் அடி வாங்கிய ஒருவர் இன்று நிம்மதியாகத் தூங்கலாம். அவர் பொய் சொல்லவில்லை. உங்கள் உள்ளங்கையும் பொய் சொல்லவில்லை. அவருடைய தூக்கத்தைக் காட்டி உங்கள் வியர்வையை நிறுத்த முடியாது.

அப்பா விஷயம். படிவத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள். 'உங்கள் தந்தை கொடுமைக்காரரா' என்று அதில் எங்கும் இல்லை. தழும்பு விழும் அளவுக்கு அடித்தார்களா என்றுதான் இருக்கிறது. ஆம் என்று டிக் போட்டீர்கள். அவ்வளவுதான் நீங்கள் செய்தது. பேரனுக்கு அவர் சொல்லும் கதையும் நிஜம்தான். அதைக் கேட்கப் படிவத்தில் இடம் இல்லை.

அந்த ஆலோசகருக்கு ஒரு போன் போடுங்கள். நாலு என்ற எண்ணைக் கொண்டுபோக வேண்டாம். அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லவும் வேண்டாம். பெல்ட் சத்தத்திலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த கேள்வியை ஆலோசகர் கேட்பார்.