தீமிதிப் படங்களும் சந்தா மென்பொருளும் – கடிதம்

அன்புள்ள அக்கா,

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவன். ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட பிறகு லயத்தைக் காலி செய்துவிட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்துவிட்டோம். தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. சென்ற ஆண்டு ஈப்போவில் ஒரு பழைய நிக்கான் கேமரா வாங்கினேன். தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவையும் தீமிதியையும் எடுத்து வருகிறேன். பழைய தோட்டக் குடும்பங்களிடம் இருக்கும் ஆல்பங்களை இரவல் வாங்கி ஸ்கேன் செய்யவும் தொடங்கியிருக்கிறேன். என் பெற்றோரின் கல்யாணப் படமே முழுக்கச் சிவந்துபோய்க் கிடக்கிறது.

இந்தப் படங்களைத் திருத்த என்ன மென்பொருள் வாங்குவது? கணினிக் கடையில் ஐம்பது ரிங்கிட் கொடுத்தால் போட்டோஷாப்பைப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். கல்யாணங்களுக்குப் படம் எடுக்கும் நண்பர், மாதக் கட்டணம் கட்டினால்தான் உருப்படியாக ஏதாவது செய்ய முடியும் என்கிறார். இன்னொருவர், அஃபினிட்டியை 70 டாலருக்கு ஒரே தடவையாக வாங்கிவிடு என்கிறார். எனக்கு இது தொழில் இல்லை. மடிக்கணினியும் பழையது, 8 ஜிபி நினைவகம்தான். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகர்,
சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு மென்பொருளுக்கென்று ஒரு காசும் செலவழிக்க வேண்டியதில்லை. கையில் பணம் இருந்தால் அதைப் போடவேண்டிய இடம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொல்வது அவருக்குப் பொருந்தும். கல்யாண வேலை செய்பவருக்கு மாதக் கட்டணம் தொழில் செலவு, வருமானத்தில் கழித்துக்கொள்வார். உங்களுக்கு அது சம்பளத்தில் இருந்து போகவேண்டும். அடோபி நிறுவனம் போட்டோஷாப்பை இனிச் சந்தாவாக மட்டுமே தருவதாக 2013 இல் அறிவித்தது. அதன் இன்னொரு படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் விலை கொடுத்துச் சொந்தமாக வாங்க முடிந்த கடைசிப் பதிப்பு 2015 இல் வந்த ஆறாம் பதிப்பு. மாதம் 10 டாலருக்குக் கிடைத்து வந்த சிறிய புகைப்படத் திட்டமும் 2025 ஜனவரியில் புதியவர்களுக்கு மூடப்பட்டுவிட்டது. அதற்கு அடுத்த திட்டம் அமெரிக்க விலையில் மாதம் 20 டாலர் அளவுக்கு வருகிறது. டாலருக்கு நான்கு ரிங்கிட் என்று வைத்துக்கொண்டு, வெளிநாட்டு டிஜிட்டல் சேவைகளுக்கு நம் அரசு விதிக்கும் 8 விழுக்காட்டுச் சேவை வரியையும் சேர்த்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டிவிடும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக இருக்கும் நாட்டில், பொழுதுபோக்குக்காகப் படம் எடுக்கும் ஒருவரிடம் இதைக் கட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பணத்தை விட என்னை உறுத்துவது வேறொன்று. சந்தாவை நிறுத்திய பிறகும் லைட்ரூம் கிளாசிக்கில் உங்கள் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் திருத்தும் பகுதி பூட்டிக்கொள்ளும். ஓவர்டைம் இல்லாத ஒரு மாதத்தில் கட்டணத்தை நிறுத்தினால், பாதி திருத்திய படம் பாதியிலேயே நிற்கும். நீங்கள் சேர்ப்பதோ ஒரு தோட்டத்தின் நினைவு. லயங்கள் இடிந்து, ஆட்கள் தாமான்களுக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்ட பிறகு, அங்கே ஒரு வாழ்க்கை நடந்தது என்பதற்குப் பல குடும்பங்களில் ஆல்பம் ஒன்றுதான் சாட்சி. இருபது ஆண்டு கழித்து வேறு யாரோ திறந்து பார்க்கவேண்டிய படங்கள் அவை. அவற்றின் சாவி மாதாமாதம் பணம் கேட்கும் இடத்தில் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

‘ஒரே தடவை வாங்கினால் போதும்’ என்ற விளம்பரத்தையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். லைட்ரூம் ஆறை முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு 2018 இன் இறுதியில் படம் எடுத்த இடத்தைக் காட்டும் அதன் வரைபட வசதி நின்றுபோனது. போட்டோஷாப் எலிமெண்ட்ஸும் சந்தா இல்லாததுதான். ஆனால் 2025 ஆம் ஆண்டுப் பதிப்பில் இருந்து அதற்கு மூன்று ஆண்டு உரிமம் மட்டுமே. மூன்று ஆண்டு முடிந்ததும் மறுபடி வாங்க வேண்டும். வாங்குமுன் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

அஃபினிட்டி பற்றி அந்த இன்னொருவர் சொன்னது பழைய செய்தி. அதை உருவாக்கிய இங்கிலாந்தின் செரிஃப் நிறுவனத்தை 2024 இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபர் இறுதியில் வந்த புதிய அஃபினிட்டி இலவசம். கேன்வாவில் ஒரு கணக்கு தொடங்க வேண்டும். செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் பணம் கேட்கிறது. ஆகவே 70 டாலர் கொடுக்கும் பேச்சே இல்லை. நல்ல மென்பொருள், போட்டோஷாப் பழகிய கைக்கு உடனே வசப்படும். ஆனால் இலவசம் என்பது ஒரு நிறுவனத்தின் இன்றைய முடிவு. அதைப் பயன்படுத்தினால் வேலை முடிந்த ஒவ்வொரு படத்தையும் பல மென்பொருள்களிலும் திறக்கும் டிஃப் கோப்பாகவும் சேமித்து வையுங்கள். அதன் சொந்தக் கோப்பு வகையை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

ஐம்பது ரிங்கிட் போட்டோஷாப் வேண்டவே வேண்டாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். திருட்டுப் பிரதியைப் போடும்போது முதல் வேலையாக வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்வார்கள். உள்ளே கூடவே என்ன வந்தது என்று போட்டுத் தருபவருக்கே தெரியாது. நீங்கள் வங்கிக் கணக்கைத் திறப்பதும் ஊரார் நம்பிக் கொடுத்த படங்களை வைத்திருப்பதும் அதே கணினியில்தான்.

இனி, எதை எடுத்துக்கொள்வது? உங்கள் கையில் இருப்பவை இரண்டு விதமான வேலைகள். கேமராவில் எடுத்ததைப் பக்குவப்படுத்துவது ஒன்று. பழைய படத்தைச் செப்பனிடுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே மென்பொருளில் செய்தாக வேண்டும் என்று நினைப்பதால்தான் எல்லோரும் போட்டோஷாப்பில் போய் முட்டிக்கொள்கிறார்கள்.

தீமிதியை எடுத்துக்கொள்வோம். இரவு, கோயிலில் குழல் விளக்குகள், எதிரே பூக்குழியின் தணல், மஞ்சள் ஆடையில் பக்தர்கள். கேமராவை ஜேபெக்கில் வைத்து எடுத்தால் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிநிலைகள்தான் மிஞ்சும். கேமரா பதிந்ததைப் பக்குவப்படுத்தாமல் வைக்கும் ரா கோப்பில், அதாவது நிக்கானின் நெஃபில் எடுத்தால், கேமராவைப் பொறுத்து, 4,096 அல்லது 16,384 படிநிலைகள். இருட்டில் இருக்கும் முகத்தைப் பின்னால் வெளிச்சப்படுத்தும்போது இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தணலில் சிவப்பு மட்டும் உச்சத்தில் முட்டிக்கொள்ளும். கேமராவின் பொது ஹிஸ்டோகிராம் (வெளிச்சம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) எல்லாம் நலம் என்றே காட்டும். உங்கள் கேமராவில் மூன்று நிறங்களையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராம் இருந்தால் அதில் சிவப்பைப் பாருங்கள். எக்ஸ்போஷரை ஒரு படி குறைத்து எடுங்கள். நிழலைப் பிறகு மீட்கலாம், எரிந்துபோன சிவப்பை மீட்பது கடினம்.

நெஃப் கோப்பைத் திறக்க நிக்கானே என்எக்ஸ் ஸ்டுடியோ என்ற மென்பொருளை 2021 முதல் இலவசமாகத் தருகிறது. அதிலேயே தொடங்குங்கள். கேமராவின் திரையில் நீங்கள் பார்த்த நிறம் அப்படியே வரும். வெண்சமநிலையை (வெள்ளை வெள்ளையாகத் தெரியச் செய்யும் நிறச் சரிக்கட்டல்) மாற்றலாம், நிழலைத் தூக்கலாம், ஒரு புள்ளியை வைத்து அந்த இடத்தின் நிறத்தை மட்டும் மாற்றலாம். கேனன், சோனி வைத்திருப்பவர்களுக்கும் அந்தந்த நிறுவனங்களின் இலவச மென்பொருள் உண்டு. கேமரா வாங்கிய பலர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அது கைக்குப் பழகியதும் டார்க்டேபிளுக்குப் போங்கள். 2009 இல் இருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வரும் திறமூல (நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். மூலப்படத்தை அது தொடுவதே இல்லை. நீங்கள் செய்த மாற்றங்களைப் பக்கத்திலேயே ஒரு சிறிய எக்ஸ்எம்பி கோப்பில் எழுதி வைக்கிறது. முகத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து அதற்குள் மட்டும் வெளிச்சம் கூட்டலாம்; தணல் தணலாகவே இருக்கும். உள்ளே எக்கச்சக்கமான கருவிகள் இருப்பதைப் பார்த்து மிரண்டு திரும்பி வருபவர்கள் அதிகம். எல்லாவற்றையும் தொட வேண்டாம். எக்ஸ்போஷர், வெண்சமநிலை, சிக்மாய்ட் (வெளிச்சத்தையும் நிழலையும் சமன்படுத்துவது), இரைச்சல் நீக்கம் (இருட்டில் தெரியும் புள்ளிகளை எடுப்பது), வெட்டுதல் ஆகியவை போதும். இதில் ஓர் எச்சரிக்கை: பால்மரத்தில் கத்தி ஆழமாகப் போனால் பட்டை காயப்படுவது போல, கூர்மையையும் நிற அடர்த்தியையும் ஒரு மயிரிழை அதிகம் இழுத்தாலும் முகத்தின் உயிர் போய்விடும். மஞ்சளையும் வெள்ளையாக்க முயலாதீர்கள். தீயின் வெளிச்சம் விழுந்த முகம் அந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும்.

டார்க்டேபிள் கிராபிக்ஸ் கார்டு இருந்தால் வேகமாக ஓடும். உங்கள் மடிக்கணினியில் அது திணறினால் ரா தெரபியை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் திறமூலம்.

சிவந்துபோன கல்யாணப் படத்துக்குக் கிம்ப். 1995 இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள் தொடங்கியது, இன்றும் இலவசம். 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு வந்திருக்கிறது. அதையே போடுங்கள், பெரும்பாலான வடிகட்டிகளைப் போட்ட பிறகும் திரும்ப மாற்றும் வசதி இப்போதுதான் வந்தது. முதலில் படத்தை ஆல்பத்தின் பிளாஸ்டிக் தாளில் இருந்து கிழியாமல் எடுக்க முடிந்தால் எடுத்து, 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்து, டிஃப் கோப்பாக வையுங்கள். ஸ்கேனரின் தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிடுங்கள்.

படம் ஏன் சிவந்தது? அந்தக் காலத்து வண்ணத்தாள் பலவற்றில், இருட்டான ஆல்பத்துக்குள் நெடுநாள் கிடந்தால் சியான் (நீலப்பச்சை) சாயம் மற்றவற்றுக்கு முன்பே மங்கிவிடும். நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதை இன்னும் விரைவாக்கும். சியான் போனால் சிவப்பு மிஞ்சும். கிம்ப்பில் நிறங்களுக்கான பட்டியலில் லெவல்ஸ் என்பதைத் திறந்து, சிவப்பை மட்டும் தேர்ந்தெடுங்கள். அங்கே தெரியும் ஹிஸ்டோகிராமின் மேடு தொடங்கும் இடம் இடது ஓரத்தில் இருந்து தள்ளி நிற்பதைக் காண்பீர்கள். இடது முனையின் கறுப்பு முக்கோணத்தை அந்த இடம் வரை நகர்த்துங்கள். நிழல்களில் படிந்த சிவப்பு கண்ணெதிரே இறங்கும். பச்சைக்கும் நீலத்துக்கும் இதையே, மேடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துச் செய்யுங்கள். அப்பாவின் வேட்டி வெள்ளைக்கும் இருவரின் தலைமுடி கறுப்புக்கும் உங்களுக்கு அளவுகோல். புடவையின் நிறம் என்ன என்று அம்மாவிடமே கேளுங்கள். எந்த மென்பொருளும் அதைச் சொல்லாது. கீறலையும் பூஞ்சைப் புள்ளியையும் ஹீல் கருவி ஆற்றிவிடும்.

முகத்தை மட்டும் செயற்கை நுண்ணறிவிடம் கொடுக்காதீர்கள். மங்கிய முகத்தைத் தெளிவாக்கித் தரும் செயலிகள் இப்போது எங்கும் கிடைக்கின்றன. அவை மறைந்திருந்த முகத்தை மீட்பதில்லை. ஊகித்து ஒரு புது முகத்தை வரைகின்றன. கண்ணும் பல்லும் அழகாக இருக்கும், அது உங்கள் பாட்டியாக இருக்காது. மங்கலாக இருந்தாலும் அவர் முகமாக இருப்பதே மேல்.

பின்னாளில் ஏதாவது ஒன்றுக்குப் பணம் கொடுக்கலாம் என்று தோன்றினால், இரவுப் படத்தின் இரைச்சலை நீக்குவதில் டிஎக்ஸ்ஓ போட்டோலேப் சிறந்தது. சந்தா கிடையாது. ஆனால் விலை 200 டாலருக்கு மேல். ஓரிரு திருவிழாக்களை டார்க்டேபிளில் முடித்துவிட்டு, அது போதவில்லை என்று உங்கள் கண்ணே சொன்னால் அப்போது யோசியுங்கள்.

பணத்தைப் போடவேண்டிய இடம் என்றேனே, அது இதுதான். மடிக்கணினியில் கூட்ட வசதி இருந்தால் நினைவகத்தை 16 ஜிபி ஆக்குங்கள். இரண்டு வெளிப்புற ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று உங்களிடம், மற்றது வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில். பிறகு டிஜிகாம் என்ற இன்னொரு இலவச மென்பொருளைப் போட்டு, ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலேயே குறிப்பு எழுதுங்கள்: நிற்பது யார், யார் மகன், எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எந்த ஆண்டுத் திருவிழா. குறிப்பைக் கோப்புக்குள்ளேயே எழுதும்படி அமைப்புகளில் தேர்வு செய்துவிட்டால், படம் எங்கே போனாலும் பெயரும் கூடப் போகும். இந்த வேலையைத் திருத்தும் வேலைக்கு முன்பே செய்யுங்கள். நிறத்தை அடுத்த ஆண்டும் சரி செய்யலாம். ஆல்பம் கொடுத்த பெரியவர்களிடம் பெயர் கேட்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

அன்புடன்,
அக்கா