டிராக் ரேஸுக்கு (நேர்கோட்டில் ஓடும் குறுந்தூரப் பந்தயம்) எஸ்டேட் வண்டி: பின் ஸ்பிரிங் கேள்வி பதில்

கேள்வி (அல்சூர்): அண்ணா, என்னுடையது பழைய அம்பாசிடர் எஸ்டேட், பெரிய இன்ஜின் ஏற்றியாகிவிட்டது. கிளட்ச் விட்டதும் பின்பக்கம் தடதடவென்று குதிக்கிறது. பின் ஸ்பிரிங் கட்டில் இன்னும் ஒரு பிளேட் (பட்டை) சேர்த்துப் போடலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. டயர் முன்னால் சுழலும்போது ஹவுசிங் (பின் அச்சின் கூடு) எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும், பினியன் மூக்கு (அதன் முன்முனை) மேலே தூக்கும், ஹவுசிங் யு போல்ட்டில் பிளேட்டோடு கட்டியிருப்பதால் பிளேட்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கியது திரும்பி உதறுகிறபோது டயர் தரையை விடுகிறது, மறுபடி பிடிக்கிறது, அதுதான் அந்தத் தடதடப்பு. கட்டு முழுவதையும் தடிமனாக்கினால் பின்பக்கம் உயர்ந்து, வண்டி கட்டை போல விறைத்துப் போகும். விறைப்பு வேண்டியது அச்சுக்கு முன்னால் இருக்கிற பாதிக்குத்தான். அந்தப் பாதியில் பிளேட்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற கிளாம்ப்களை இறுக்குங்கள், பின்பாதியில் தளர விடுங்கள். 1960களில் கிரைஸ்லர் டிராக் வண்டிகளுக்கென்றே செய்த பிளேட்டுகளிலும் இதே கணக்குதான்: முன்பாதி குட்டை, விறைப்பு. அப்புறமும் குதித்தால் அச்சுக்கு அடியிலிருந்து பிளேட்டின் முன்கண் (முன்நுனி வளையம்) வரை ஒரு இரும்புத் தண்டு, அதாவது டிராக்‌ஷன் பார், நுனியில் ரப்பர். பெங்களூரு ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் ரெடிமேடாகத் தேடுவதைவிட நல்ல வெல்டரிடம் செய்துகொள்வதே மேல்.

கேள்வி (ஸ்ரீராமபுரம்): வலது பக்கக் கட்டு மட்டும் விறைப்பாக இருக்க வேண்டும் என்கிறார்களே, ஏன் சார்?

பதில்: கியர் பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகிற புரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றுகிற திசையால். அது அச்சின் இடது பக்கத்தைத் தரையில் அழுத்தி, வலது டயரை மேலே தூக்கும். அதனால் வலதுக்கு முன்கூட்டியே கொஞ்சம் அழுத்தம் கொடுத்து வைக்கிறோம். பிளேட்டுக்குப் பதில் காயில் (சுருள்) ஸ்பிரிங் உள்ள வண்டியில் இதையே வலது காயிலுக்குள் காற்றுப் பை (ஏர் பேக்) வைத்துச் செய்வார்கள்.

கேள்வி (கம்மனஹள்ளி): ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி (எஸ்டேட்) ஓட்டுகிறேன். பின் ஸ்பிரிங்கை மெத்தென்று மாற்றினால் கிரிப் கூடுமா?

பதில்: உங்களுக்கு நேர்மாறு அம்மா. உங்கள் வண்டியை இழுப்பது முன் சக்கரம், கிளம்பும்போதோ எடை பின்னால் போகிறது. எவ்வளவு போகும் என்பதை வண்டியின் எடை மையத்தின் உயரமும் வீல்பேஸும் (முன், பின் அச்சுகளின் இடைவெளி) கிளம்பும் வேகமும்தான் முடிவு செய்கின்றன, ஸ்பிரிங் அதைத் தடுக்காது. ஆனால் மெத்தென்ற பின் ஸ்பிரிங்கில் பின்பக்கம் குந்தி மூக்கு தூக்கும். அதனால் பின்னால் விறைப்பான ஸ்பிரிங், ஸ்டெப்னியும் பின் சீட்டும் வீட்டில்.

கேள்வி (கே.ஆர்.புரம்): எத்தனை கிலோ ஸ்பிரிங் என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பதில்: எடை மேடைக்குப் போய்ப் பின் அச்சை மட்டும் ஏற்றி எடை எடுங்கள், ரேஸுக்குப் போகிற நிலையில், டிரைவரோடு. 560 கிலோ என்று வைப்போம். அச்சு, சக்கரம் எல்லாம் 120 என்றால் ஸ்பிரிங் தாங்குவது 440, பக்கத்துக்கு 220. வண்டி நிற்கும்போது ஸ்பிரிங் 110 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும் என்றால் மில்லிமீட்டருக்கு 2 கிலோ. ஸ்பிரிங் சக்கரத்துக்குப் பக்கத்தில் இல்லாமல் உள்ளே தள்ளி இருந்தால் கணக்கு மாறும்.

காயிலை வெட்டலாமா என்றும் பலர் கேட்டிருக்கிறீர்கள். வேலை செய்கிற 8 சுற்றில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஏழில் ஒரு பங்கு கூடும், உயரமும் குறையும். கேஸ் வைத்துச் சூடாக்கி உயரத்தை இறக்கவே இறக்காதீர்கள், ஸ்டீலின் பதம் போய்விடும்.

கேள்வி (அல்சூர்): எல்லாம் மாற்றினபின் சரியா என்று நைஸ் ரோட்டில் ராத்திரி ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. உயிர் போகிற காரியம், உங்களுடையது மட்டும் இல்லை. முறையாக அனுமதி வாங்கி நடத்துகிற ஓடுதளத்தில் மட்டும் ஓட்டுங்கள். அங்கே கிளம்பின இடத்தில் இறங்கி ரப்பர் கோடுகளைப் பாருங்கள். வலது கோடு இடதைவிடக் கறுப்பாக இருந்தால் வலது டயர் அதிகம் வழுக்கியிருக்கிறது, அந்தப் பக்கம் இன்னும் கொஞ்சம் அழுத்தம் கொடுங்கள். விட்டு விட்டுப் புள்ளி புள்ளியாக இருந்தால் இன்னும் குதிக்கிறது, முன்பாதிக் கிளாம்பைப் பாருங்கள்.