எலிக்காய்ச்சல்: ரத்தச் சோதனைச் சீட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: ஐயா, கலப்பின மாடு ஆறும் கிடேரி இரண்டும் வைத்திருக்கிறோம். ஏழு மாதச் சினையில் ஒரு மாடு கன்று வீசியது. பத்து நாளில் இன்னொன்றும் வீசியது. இரண்டுக்கும் ரத்தம் எடுத்து அனுப்பினோம். முதல் மாட்டுக்கு 'ஹார்ட்ஜோ 1:200, இக்டெரோஹெமரேஜியே 1:100' என்று வந்திருக்கிறது. இரண்டாவதற்கு 'இல்லை' என்று வந்துவிட்டது. எந்த வகைக் கிருமி இது? எலியை ஒழித்தால் போதும் என்கிறார் பக்கத்துத் தோட்டக்காரர். ஐந்து மாதம் முன்பு சந்தையில் வாங்கிய மாடு மட்டும் நன்றாகவே இருக்கிறது.
– ஒரு விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கடைசி வரியில் போகிறபோக்கில் ஒரு மாட்டைச் சொல்லியிருக்கிறீர்களே, எனக்கு அதன் மேல்தான் சந்தேகம். முதலில் சீட்டைப் பார்ப்போம்.

இது 'மேட்' என்கிற சோதனை. எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோ என்னும் கிருமி; சீட்டில் இருக்கும் ஹார்ட்ஜோ, இக்டெரோஹெமரேஜியே இரண்டும் அதன் வகைகள். ஆய்வகத்தில் இப்படிப் பல வகை லெப்டோ கிருமிகளை உயிரோடு வளர்த்து வைத்திருப்பார்கள். உங்கள் மாட்டின் சீரத்தை 100 மடங்கு, 200 மடங்கு என்று நீர்க்கச் செய்து ஒவ்வொரு வகையோடும் கலந்து, கிருமிகள் ஒட்டித் திரள்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஆக, சோதனை காட்டுவது கிருமியை அல்ல, மாட்டின் உடல் உண்டாக்கிய எதிர்ப்புப் பொருளை. அந்த எதிர்ப்புப் பொருள் அக்கம்பக்கத்து வகைகளோடும் கொஞ்சம் ஒட்டும். உங்கள் சீட்டில் எலி வழி வரும் இக்டெரோஹெமரேஜியேவுக்கு இருக்கும் 1:100 அப்படி ஒட்டியதாக இருக்கலாம். அந்த வகையால் கன்று வீசியிருந்தால் அளவு பெரும்பாலும் இதைவிட நன்றாக உயர்ந்திருக்கும். எனவே ஹார்ட்ஜோ கூட்டத்தைத்தான் சந்தேகிக்கிறேன். 'கூட்டம்' என்று சொல்வதற்குக் காரணம், அதற்குள் எந்த ரகம் என்பதை ரத்தம் சொல்லாது. அதற்குக் கிருமியையே பிடித்து மரபணுச் சோதனை செய்ய வேண்டும்.

'இல்லை' என்று வந்த மாட்டை நம்பிவிடாதீர்கள். ஹார்ட்ஜோ தொற்றிச் சில வாரம், சில சமயம் இரண்டு மூன்று மாதம் கழித்தே கன்று விழும். அதற்குள் எதிர்ப்புப் பொருள் வடிந்திருக்கலாம். ரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் சிறுநீரில் கிருமியை விட்டுக்கொண்டே இருக்கும் மாடுகளும் உண்டு. வழக்கமாக இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, அளவு நாலு மடங்கு ஏறினால் புதுத் தொற்று என்போம். ஹார்ட்ஜோவில் அந்தக் கணக்கு பல நேரம் கைகொடுக்காது. அதனால் வீசிய மாட்டை மட்டும் பார்க்காமல், சந்தை மாடு உட்பட எட்டுக்கும் ரத்தம் எடுங்கள். மருத்துவரிடம் சொல்லிச் சிறுநீரைப் பி.சி.ஆர். சோதனைக்கும் (கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை) அனுப்பச் சொல்லுங்கள். கன்று வீச வைக்கும் இன்னொரு கிருமியான புருசெல்லாவுக்கும் சேர்த்தே பாருங்கள். கன்று வீச்சு என்றால் அதை விலக்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. லெப்டோ தடுப்பூசி எப்போதாவது போட்டிருந்தால் ஆய்வகத்துக்குச் சொல்லிவிடுங்கள், அதுவும் சீட்டில் தெரியும்.

எந்த வகையானாலும் மருந்து அநேகமாக ஒன்றுதான். பிறகு எதற்கு இந்தப் பாடு என்றால், தொற்று வந்த வழியைக் கண்டுபிடிக்க. எலிக்காய்ச்சல் என்று நாம் வைத்த பேரே ஆளை ஏமாற்றுகிறது. ஹார்ட்ஜோ மாட்டுக்கு மாடு பரவுவது. கொட்டகையில் நூறு எலிப்பொறி வைத்தாலும் சந்தை மாட்டின் மூத்திரம் வாய்க்காலில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். முடிவு வரும்வரை அதைத் தனியாகக் கட்டுங்கள், தண்ணீர்த் தொட்டியும் தனியாக இருக்கட்டும். தீவனம் வைக்கும் இடத்தில் எலியை ஒழிப்பது எப்படியும் நல்லதுதான், அதை விட வேண்டாம்.

இந்தக் கிருமி மனிதருக்கும் தொற்றும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுத்தவர் யார்? பால் கறப்பவர் யார்? அவர்களில் யாருக்காவது இந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் மாத்திரைக் கடைக்குப் போகாமல் அரசு மருத்துவமனைக்குப் போய், 'வீட்டில் மாடு கன்று வீசியது' என்பதையும் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள்.