ராடு மாற்றிய முதுகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஸ்கோலியோசிஸுக்காக (முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்துபோவது) ஏற்கனவே ஒருமுறை ஃப்யூஷன் (முள்ளெலும்புகளை ராடு என்ற உலோகக் கம்பியால் பிடித்து ஒன்றாக ஒட்டவைக்கும் ஆப்பரேஷன்) செய்துகொண்ட தென்னாப்பிரிக்க வாசகர்கள், அதே முதுகில் மறுபடி ஆப்பரேஷன் செய்தபின் எழும் சந்தேகங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரின் முதுகும் ஒவ்வொரு விதம். உங்கள் சர்ஜன் சொன்னதும் இங்கே எழுதியிருப்பதும் வேறுபட்டால், சர்ஜன் சொன்னதையே செய்யுங்கள்.

கேள்வி: 1984-ல், 15 வயதில் எனக்கு ராடு வைத்தார்கள். சீக்கிரமே தேறிவிட்டேன். இப்போது 56 வயது. இடுப்பெலும்பு வரை மறுபடி ஃப்யூஷன் செய்து 5 வாரம் ஆகிறது. இன்னும் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. ஏதாவது தவறு நடந்திருக்குமா?
— வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பதில்: 5 வாரத்தில் அரை மணி உட்கார முடியாதது சகஜம்தான் அம்மா. முதல் ஆப்பரேஷனை அளவுகோலாக வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று வளரும் எலும்பு, கத்தி படாத தசை. இம்முறை பழைய தழும்பைப் பிரித்து, நரம்பு உறையோடு ஒட்டிக்கிடந்ததை விலக்கி, பழைய உலோகத்தை எடுத்து, அதன்பிறகுதான் வேலையே தொடங்கியிருக்கும். ரத்த இழப்பும் அதிகம், மேஜைமேல் கிடந்த நேரமும் அதிகம்.

அந்தக் காலத்தில் பெரும்பாலும் வைத்தது ஹாரிங்டன் ராடு. ஹூஸ்டன் நகரத்து டாக்டர் பால் ஹாரிங்டன் 1962-ல் வெளியிட்ட முறை அது. மேலும் கீழும் கொக்கி மாட்டி, முதுகை இழுத்து நீட்டும். பக்கவளைவு குறையும். ஆனால் கீழ்முதுகு வரை ராடு போனவர்களுக்கு, அங்கே இருக்கவேண்டிய உள்வளைவும் தட்டையாகிவிடும். வயது ஏற ஏற உடம்பு முன்னே சாயும், நிமிர்ந்து நிற்க முழங்காலை மடக்க வேண்டிவரும், சாயங்காலம் தொடை கடுக்கும். இதைச் சரிசெய்ய ஒரு முள்ளெலும்பிலிருந்து ஆப்புபோல ஒரு துண்டை வெட்டியெடுத்து மூடுவார்கள். ஒரே இடத்தில் சுமார் 30 டிகிரி வளைவு திரும்பக் கிடைக்கும். உங்களுக்கும் அப்படிச் செய்திருந்தால், 40 வருடமாகக் குனிந்து பழகிய இடுப்புத் தசைகள் புதிதாக நிற்கக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

இப்போதைக்கு ஒரு தடவைக்கு 20 நிமிடம் உட்கார்ந்தால் போதும். பிறகு எழுந்து நடங்கள், அல்லது படுங்கள். டர்பனுக்குச் செக்கப் போகும் வழியில் ஒருமுறையாவது வண்டியை நிறுத்தி இறங்கி நடக்க வேண்டும். தேற ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகும்.

கேள்வி: அம்மாவை அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். வீட்டில் என்னென்ன மாற்ற வேண்டும்? கட்டிலிலிருந்து எப்படி எழுப்புவது?
— மகள், சாட்ஸ்வொர்த்

பதில்: கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. அம்மா மல்லாந்து படுத்தபடி இரண்டு முழங்காலையும் மடக்கட்டும். தோள், இடுப்பு, முழங்கால் மூன்றும் ஒரே மரக்கட்டைபோலச் சேர்ந்து பக்கவாட்டில் உருள வேண்டும். பிறகு கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, அதே நேரத்தில் கீழே இருக்கும் முழங்கையையும் மேலே இருக்கும் உள்ளங்கையையும் ஊன்றி எழ வேண்டும். கால் இறங்கும் பாரமே உடம்பைத் தூக்கிவிடும். நீங்கள் தோளுக்குப் பின்னால் கை வைத்திருந்தால் போதும். கட்டில் முழங்கால் உயரத்துக்குக் குறையக்கூடாது. மெத்தை குழிவிழுந்திருந்தால் அடியில் பலகை போடுங்கள்.

பலர் கேட்கக் கூச்சப்படும் விஷயம் கழிப்பறை. ஃப்யூஷன் இடுப்பெலும்பு வரை போயிருந்தால் உடம்பு முறுக்காது, குனியாது. கை பின்னால் எட்டாது. இதை ஆஸ்பத்திரியில் எல்லோரும் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்த முதல் நாளில்தான் தெரிந்து அழுகிறார்கள். டாய்லெட் பக்கத்தில் ஸ்ப்ரே குழாய் பொருத்துங்கள். 10 முதல் 15 செ.மீ. உயர்த்தும் இருக்கையும், நீளக் கைப்பிடியுள்ள துடைப்பு இடுக்கியும் வாங்குங்கள். பெண்கள் முன்னிருந்து பின்னாகத்தான் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சிறுநீர்த் தொற்று வரும்.

சமையலறையில் தினமும் எடுப்பது எல்லாம் இடுப்புக்கும் தோளுக்கும் இடையிலான தட்டுக்கு வரட்டும். சாமி விளக்கையும் மார்பு உயர மேடைக்கு மாற்றுங்கள், குனிந்து திரி போட வேண்டாம். தரையில் கிடக்கும் சிறு கம்பளங்களைச் சுருட்டி வைத்துவிடுங்கள். பின்பக்கம் பிடிமானமில்லாத செருப்பு வேண்டாம். முதல் 3 மாதம் பொதுவாக 4 முதல் 5 கிலோவுக்கு மேல் தூக்க விடமாட்டார்கள். 2 லிட்டர் பால் பாட்டில் ஒன்று சரி. ஈரத்துணிக் கூடை கூடவே கூடாது.

நடைதான் பிசியோ. 5 நிமிடம், ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை என்று தொடங்கி, இரண்டு நாளைக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். உங்கள் பக்கத்துத் தெருக்கள் மேடு பள்ளம். இறக்கத்தில் நடப்பது புதிய முதுகுக்குச் சிரமம். சமதளமான மால் நடைபாதைக்குக் காலையில் கூட்டம் சேருமுன் அழைத்துப்போங்கள்.

டர்பன் வெக்கையில் காயத்தைச் சுற்றி வியர்க்கும். தினமும் ஒருமுறை பாருங்கள், அம்மாவால் அதைப் பார்க்க முடியாது. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் கசிவு, உட்கார்ந்தால் கூடிப் படுத்தால் குறையும் தலைவலி இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். கெண்டைக்கால் வீக்கத்துக்கு அன்றே டாக்டரிடம் காட்டுங்கள், ரத்தக்கட்டியாக இருக்கலாம். திடீர் மூச்சுத்திணறல், சிறுநீர் கட்டுப்பாடு போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் போவது: இவற்றில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: வலி மாத்திரை போதவில்லை. பனாடோவோடு மைப்ரொடாலும் சேர்த்துப் போடலாமா? நான்கு நாளாக வெளிக்குப் போகவில்லை.
— வாசகர், டோங்காட்

பதில்: சேர்க்காதீர்கள். மைப்ரொடாலில் ஐபுபுரோஃபன், பாரசிட்டமால், கோடீன் மூன்றும் இருக்கின்றன. பனாடோவும் பாரசிட்டமால்தான். 24 மணி நேரத்தில் பாரசிட்டமால் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் கெடும். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் எலும்பு ஒட்டுவதைத் தாமதப்படுத்தலாம் என்பதால், முதல் சில மாதங்களுக்குப் பல சர்ஜன்கள் அவற்றைத் தடுக்கிறார்கள். வலி போதவில்லை என்பதை டாக்டரிடமே சொல்லி மருந்தை மாற்றச் சொல்லுங்கள்.

கோடீன், ட்ரமடால் இரண்டும் குடலை மந்தமாக்கும். மலமிளக்கியை அந்த மாத்திரை தொடங்கும் நாளிலேயே தொடங்கியிருக்க வேண்டும். சென்னாவோ லாக்டுலோஸோ கேளுங்கள். தண்ணீர் போதாமல் இசப்கோல் போட்டால் அடைப்பு இன்னும் இறுகும். நான்கு நாள் தாண்டிவிட்டது, இன்றே டாக்டருக்குப் போன் செய்யுங்கள். வயிறு உப்பி வாந்தியும் இருந்தால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சில வாரம் தொடர்ந்து போட்ட மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தாமல் டாக்டர் சொல்லும் கணக்கில் குறையுங்கள்.

சிகரெட், வேப், ஹப்ளி (ஹூக்கா) மூன்றும் வேண்டாம். நிகோடின் ரத்தக்குழாய்களைச் சுருக்கும். எலும்பு ஒட்டாமல் போவதற்கு அது முக்கியக் காரணங்களில் ஒன்று.

கேள்வி: புரட்டாசியில் நாங்கள் கறி, மீன், முட்டை தொடுவதில்லை. ஆப்பரேஷன் ஆகஸ்டில். உடம்பு தாங்குமா?
— வாசகி, ஃபீனிக்ஸ்

பதில்: தாங்கும், புரதத்தை எண்ணிச் சாப்பிட்டால். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 70 முதல் 90 கிராம் தேவை, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு கப் வெந்த பருப்பில் சுமார் 18 கிராம், ஒரு கப் வெந்த சுகர் பீன்ஸில் (ராஜ்மா போன்ற பயறு) 15, 50 கிராம் உலர் சோயா மின்ஸில் 25, 100 கிராம் பனீரில் 18, ஒரு டம்ளர் மாஸ் (புளித்த கெட்டிப்பால்) அல்லது பாலில் 8. ரசமும் சோறும் மட்டும் என்றால் காயம் ஆறாது. சனிக்கிழமை ஒருபொழுதை இந்த வருடம் விட்டுவிடுங்கள். வைட்டமின் டி அளவையும் ரத்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மறு ஆப்பரேஷன் முடிந்து 4 மாதம். வலியே இல்லை. தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பதாக நேர்ந்திருக்கிறேன். எடுக்கலாமா?
— வாசகர், மெர்பேங்க்

பதில்: இந்தத் தைப்பூசத்துக்கு வேண்டாம் தம்பி. உங்கள் வலி போய்விட்டது, எலும்பு இன்னும் ஒட்டவில்லை. அதற்கு 6 முதல் 12 மாதம் பிடிக்கும், மறு ஆப்பரேஷனில் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை முழுப் பாரத்தையும் ராடுதான் தாங்குகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஒடியும் அல்லவா, எலும்பு ஒட்டாத இடத்தில் ராடும் அப்படித்தான் ஒடிகிறது. 'டக்' என்ற சத்தமோ, புதிதாக ஒரு வலியோ அதற்கு அடையாளம்.

காவடியின் பாரம் தோளுக்கு மேலே நிற்கிறது. ஆடும்போது அது முன்னும் பின்னும் இழுக்கும். ராடை எலும்போடு பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களில் மேல் ஸ்க்ரூவுக்கு அடுத்த முள்ளெலும்பு நசுங்கி முதுகு முன்னே மடங்குவதற்கு இதுவே போதும். அருள் வந்த நேரத்தில் வலி எச்சரிக்காது. முதுகில் குத்தும் கொக்கிகள் இன்னொரு ஆபத்து. தோல் வழியே நுழையும் கிருமி ரத்தத்தில் போய் உலோகத்தில் படிந்து தன்மேல் ஒரு படலம் கட்டிக்கொண்டால், மருந்து அதைத் துளைக்காது. சில சமயம் ராடையே எடுக்க வேண்டிவரும்.

கோயில் குருக்களிடம் பேசுங்கள். இந்த வருடம் அரை லிட்டர் சொம்பில் பாலை மார்போடு அணைத்துப் பிடித்து, கோயிலுக்குள் மட்டும் ஒரு சுற்று நடந்து அபிஷேகத்துக்குக் கொடுக்கலாம். அந்த நடைக்கும் சர்ஜனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், கூட ஒருவர் வரட்டும். 12 மாதத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயும் சி.டி.யும் எலும்பு ஒட்டியதைக் காட்டினால், பாரமில்லாத, கொக்கியில்லாத சிறு காவடி பற்றி அப்போது சர்ஜனிடம் கேட்கலாம்.